ஆறு பெயரும் ஒரு கையெழுத்தும்

இலங்கையில் பொறியியல் வேலை செய்கிறவர்களை 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம் ஆறு பெயர்களுக்குள் அடக்கியது. பட்டயப் பொறியியலாளர், அசோசியேட் பொறியியலாளர், அஃபிலியேட் பொறியியலாளர், இன்கோப்பரேட்டட் பொறியியலாளர், பொறியியல் டிப்ளோமாதாரி, பொறியியல் டெக்னீஷியன் என்பன அவை. இவற்றில் ஏதாவது ஒன்றில் பதியாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்பது சட்டத்தின் எண்ணம். எங்கள் கிழக்குக் கரையின் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ இந்த ஆறையும் பிரித்துச் சொல்லக்கூடிய ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பட்டம் முடித்தவரும், ரீ.ஓ. என்று சொல்லும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும், நாலு கட்டடம் கட்டிய கொந்தராத்துக்காரரும் ஊரில் எஞ்சினியர்தான். மரியாதைக்கு ஒரு 'சேர்' வேறு சேர்ந்துகொள்ளும்.

மருத்துவர்களைப் பதிவதற்கு 1927 இலேயே மருத்துவக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. பொறியியலாளருக்கு அப்படியொன்று வர மேலும் 90 வருடம் எடுத்தது. அதுவரை பதிவு என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கத்துவம். 1906 இல் இலங்கைப் பொறியியல் சங்கமாகத் தொடங்கி, 1956 இல் பெயர் மாறி, 1968 இன் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு அது. பரீட்சை வைத்தது, நேர்முகம் வைத்தது, பட்டயம் கொடுத்தது. ஆனால் அதற்கு வெளியே நின்ற ஒருவர் தன் வீட்டு மதிலில் எஞ்சினியர் என்று பலகை மாட்டினால் அதைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை.

எனவே 2017 இன் சட்டத்தை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அதன் கவனம் பெயர்களோடு நின்றுவிட்டது. எந்தப் பெயர்க்காரர் எந்த வேலைக்குக் கையெழுத்திடலாம், இட்டபின் எதற்குப் பொறுப்பாவார், கீழ்ப் பெயரிலிருந்து மேல் பெயருக்குப் போக வழி என்ன என்ற மூன்றும்தான் தரப்படுத்தலின் உயிர். சீர்திருத்தம் என்று இனி ஏதாவது செய்வதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். லண்டனில் சிவில் பொறியியலாளர் நிறுவனம் 1818 இல் தொடங்கி 1828 இல் அரச பட்டயம் பெற்றது. 'பட்டய' என்ற அடைமொழி அந்தப் பாரம்பரியத்தின் மிச்சம். 1971 இல் பிரித்தானியா மூன்று படிகளில் ஒரு பதிவேட்டை உண்டாக்கியது. பட்டயப் பொறியியலாளர் மேலே, டெக்னீஷியன் எஞ்சினியர் நடுவே, டெக்னீஷியன் கீழே. நடுவில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஃபினிஸ்டன் குழுவின் 1980 ஆம் ஆண்டு அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1981 இல் பட்டயம் பெற்ற பொறியியல் பேரவையும் வந்தபின், அந்த எண்பதுகளிலேயே நடுப்படியின் பெயர் 'இன்கோப்பரேட்டட் எஞ்சினியர்' என்று மாறியது. பெயரை மாற்றியும் நடுப்படி செழிக்கவில்லை. இன்றும் பிரித்தானியப் பதிவேட்டில் பட்டயக்காரர் பல மடங்கு அதிகம், நடுப்படிக்காரர் சொற்பம். முதலாளிக்கும் பொதுமக்களுக்கும் அந்தப் பெயர் எதைச் செய்ய உரிமை தருகிறது என்று விளங்காததே காரணமென்று நினைக்கிறேன். பிரித்தானியாவில் இன்றுவரை வெறும் 'எஞ்சினியர்' என்ற சொல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. சலவை இயந்திரம் திருத்துகிறவரும் அங்கே எஞ்சினியர்தான். அந்த வகையில் அக்கரைப்பற்று லண்டனுக்குப் பின்தங்கவில்லை.

நாம் மூன்றை வாங்கி ஆறாக்கினோம். அதற்கும் காரணம் உண்டு. இங்கே பொறியியல் கல்வி ஒரே வாசலால் நடந்ததில்லை. 1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் வரும்வரை மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து லண்டன் பரீட்சை எழுதுவதே வழியாக இருந்தது. நீர்மின்சாரத்தின் தந்தை என்று நாம் படித்த டி.ஜே. விமலசுரேந்திரவும் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்தான். 1918 இல் பொறியியல் சங்கத்தின் முன் அவர் நீர்மின் திட்டத்தை வாசித்தபோது, கீழிருந்து ஏறி வந்த ஒருவர் அந்த மேடையில் நின்றார் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறகு வாசல்கள் பெருகின. பேராதனை, கட்டுபெத்த, திறந்த பல்கலைக்கழகம், என்.டி.ரி., என்.டி.ஈ.எஸ்., எச்.என்.டி.ஈ. என்ற டிப்ளோமாக்கள், ரத்மலானையில் 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தொழிற்கல்விப் பல்கலைக்கழகம், ஏழு மட்டங்கள் கொண்ட என்.வீ.கியூ. தொழில் தகைமை. இதற்கு மேல் பன்னிரண்டு மட்டங்கள் கொண்ட இலங்கைத் தகைமைச் சட்டகம். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. சட்டம் வரையப்பட்டபோது யாரையும் வெளியே விடாமல் எல்லாருக்கும் ஒரு பெயர் கொடுத்தார்கள். சமாதானத்துக்கு அது நல்ல வழி. தரப்படுத்தலுக்கு நல்ல வழியா என்பது வேறு விஷயம்.

எங்கள் கரையோரத்தில் இந்த வாசல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடமே பல்கலைக்கழகமான அதில் பொறியியல் பீடமும் இயங்குகிறது. உள்ளே அம்பாறையில் ஹார்டி என்று எல்லாரும் சொல்லும் நிறுவனம், கல்லோயாத் திட்ட காலத்துப் பெயர், இப்போது எச்.என்.டி.ஈ. கொடுக்கிறது. ஒரு தெருவில் அண்ணன் ஹார்டியில் படித்த டிப்ளோமாதாரி, தம்பி ஒலுவிலில் படித்த பட்டதாரி என்று இருப்பது இங்கே சாதாரணம். அண்ணனுக்குக் களத்தில் பதினைந்து வருட அனுபவம் இருக்கும். தம்பிக்குக் கணக்குத் தெரியும், கொங்கிறீட் கலக்கிற இடத்தில் நின்ற நாள் குறைவு. பதிவேட்டில் தம்பி முதல் நாளிலேயே அண்ணனுக்கு மேலே. அது பிழையென்று நான் சொல்லவில்லை, கணக்குக்கு மதிப்பு வேண்டும். அண்ணனுக்கு ஏணி எங்கே என்பதுதான் கேள்வி.

2013 இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பப் பீடங்கள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடம் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் கொடுக்கிறது. சட்டத்தின் ஆறு பெயர்களில் 'பொறியியல் தொழில்நுட்பவியலாளர்' என்று ஒன்று இல்லை. உலக அளவிலோ அதற்கென்று தனி உடன்பாடே இருக்கிறது. பொறியியல் பட்டத்துக்கு 1989 இல் ஆறு நாடுகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்பாடு, தொழில்நுட்பவியலாளருக்கு 2001 இன் சிட்னி உடன்பாடு, டெக்னீஷியனுக்கு 2002 இன் டப்ளின் உடன்பாடு. இலங்கை 2014 யூனில், இந்தியாவும் சேர்ந்த அதே கூட்டத்தில், வாஷிங்டன் உடன்பாட்டின் முழு அங்கத்துவம் பெற்றது. மேல்படிக்கு உலக அங்கீகாரம் வாங்கிய மூன்று வருடத்தில் எழுதிய சட்டத்தில், நடுப்படிக்கு உலகம் வைத்திருக்கும் பெயரே இல்லாமல் போனது. நாலு வருடம் படித்துவிட்டு, தான் எந்தப் பெட்டிக்குள் போக வேண்டும் என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்துவது லேசில்லை.

இனி இந்தப் பெயர்ச் சண்டை எங்கே மண்ணைத் தொடுகிறது என்று பார்க்கலாம். அக்கரைப்பற்றுப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. முஸ்லிமானாலும் தமிழரானாலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலேயே தங்கி ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட நூல் இந்தத் தாய்வழி வீட்டு முறையை விரிவாகவே சொல்கிறது. அவர் சொல்லாத ஒன்று, அது பொறியியல் பக்கம் என்பதால், இதுதான்: இரண்டு மகள், மூன்று மகள் உள்ள வாப்பா ஒருவர் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவை கட்டட உரிமையாளர் ஆகிறார். வளவு பிரிந்து பிரிந்து ஆறு பேர்ச், ஏழு பேர்ச் என்று சுருங்கிவிட்டது. ஆகவே அடுத்த மகளின் வீடு மேலே போகிறது.

கீழ்வீடு இருபது வருடத்துக்கு முன் ஒரு மாடிக்கென்று கட்டியது. அத்திவாரம் மணலில். தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன தடிப்பு என்று எழுதிய கடதாசி இல்லை. அன்று கட்டிய மேசன் மவுத்தாகிவிட்டார். புது மேசன் வந்து தூணில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்.

"காக்கா, தூண் கல்லு மாதிரிக் கிடக்கு. தாராளமா ஒரு சிலாப் தாங்கும்."

"எஞ்சினியர் ஒராளுக்குக் காட்டத் தேவையில்லையா?"

"பிளான் கீறுற தம்பி இருக்கான்தானே. மற்றதை ரீ.ஓ. பாத்துக்குவார்."

பிளான் கீறும் தம்பி ஒரு வரைஞர். அவர் சுவர் எங்கே, கதவு எங்கே, வீதிக்கோட்டிலிருந்து எத்தனை அடி என்று கீறுவார், நன்றாகவே கீறுவார். தூண் தாங்குமா என்பது அவர் வேலையில்லை. உள்ளூராட்சிச் சபையில் ரீ.ஓ. விண்ணப்பத்தை எல்லை, காற்றோட்டம், மலசலகூடக் குழி, வீதி அகலம் என்று பார்ப்பார். பழைய தூணுக்குள் இருக்கும் கம்பியைப் பார்க்க அவருக்குக் கருவியும் இல்லை, நேரமும் இல்லை. மேசன், வரைஞர், உத்தியோகத்தர் மூவரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தும், அந்த ஒரு கேள்விக்கு மாத்திரம் யாரும் கையெழுத்திடவில்லை. கடற்காற்றில் உப்பு. கம்பிக்கு மேல் கொங்கிறீட் மூடுதல் போதாவிட்டால் உள்ளே துருப்பிடித்துப் பருத்து, வெளியே வெடிப்பாக வரும். கடற்கரைத் தெருக்களில் சிலாப்பின் அடிப்பக்கம் பெயர்ந்து செங்கம்பி தெரிகிற வீடுகளைப் பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. அந்தச் சிலாப்பின் மேல்தான் சில வேளை அடுத்த மாடி.

வேலை முடிந்தபின் சி.ஓ.சி. என்று வாயில் வழங்கும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வங்கிக் கடன் இல்லாதவர் பலர் அதை எடுப்பதே இல்லை. குடிபூரலுக்குப் பால் காய்ச்சினால் வீடு முடிந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பிறந்தவருக்குக் கட்டடம் என்பது உயிர்ச் சங்கதி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு முன் 1978 நவம்பர் சூறாவளி. பெரிய அழிவுகளுக்குப் பின் வழிகாட்டிகள் வந்தன, கூட்டங்கள் நடந்தன. ஒரு வீட்டின் தூணுக்குப் பேரும் பதிவிலக்கமும் எழுதி ஒப்பமிடும் வழக்கம் மாத்திரம் ஊருக்குள் வந்து சேரவில்லை. 2017 மே மாதம் வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்தது. பேரவைச் சட்டம் வந்த அதே வருடம். சட்டம் அந்தக் கட்டடத்தைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. வேலைக்கும் பெயருக்கும் முடிச்சுப் போடாத சட்டம் அடுத்ததையும் தடுக்குமென்று எனக்கு நம்பிக்கையில்லை.

இதை யோசிக்கும்போது ஒரு முரண் கண்ணில் படுகிறது. கட்டடம் கட்டும் கொந்தராத்துக்காரரை நாம் மிகத் தெளிவாகத் தரம்பிரித்திருக்கிறோம். கொந்தராத்துக்காரரைப் பதிந்த இக்டாட் நிறுவனத்தின் காலத்திலிருந்து, பிறகு 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அதன் இடத்துக்குச் சீடா வந்தபின்னும், சி 9 இலிருந்து மேல்நோக்கிப் படிகள். ஒவ்வொரு படிக்கும் பணவரம்பு. சி 7 காரர் எந்தத் தொகை வரை டெண்டர் போடலாம் என்று பிரதேச சபைக் கந்தோரில் தேநீர் கொண்டுவருகிற பையனுக்கும் தெரியும். அதே சட்டம் மேசனுக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் கைவினைஞர் அடையாள அட்டை என்ற ஒன்றையும் வைத்தது. கட்டுகிறவரின் தரம் அவர் செய்யும் வேலையின் அளவைச் சொல்கிறது. வடிவமைக்கிறவரின் தரமோ அவர் எங்கே படித்தார் என்பதைச் சொல்கிறது. முதலாவது வாடிக்கையாளருக்கு விளங்குகிறது. இரண்டாவது சங்கங்களுக்கு மாத்திரம் விளங்குகிறது.

இதற்கு எதிராக ஒருவர் ஒலுவில் துறைமுகத்தைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகம் அது. வாயிலில் மணல் நிரம்பியது, வடக்கே கரை அரித்தது, தென்னந்தோப்பும் வளவும் கடலுக்குள் போயின, படகு வெளியேற முடியாமல் மீனவர் வீதிக்கு வந்தனர். அங்கே பட்டயக்காரருக்கும் வெளிநாட்டு ஆலோசகருக்கும் பஞ்சம் இருந்திருக்காது. அப்படியென்றால் தரமும் பதிவும் என்னத்துக்கு என்ற கேள்வி நியாயமானது. என் பதில், பதிவு திறமைக்கு உத்தரவாதமாகாது, விலாசத்துக்கு உத்தரவாதம் தரலாம். பெரிய திட்டத்தில் பொறுப்பு அமைச்சு, அதிகாரசபை, ஆலோசனைக் கம்பனி, கடன் கொடுத்த நாடு என்று கரைந்துவிடுகிறது. கரை அரிக்கும் என்ற கணிப்பில் யார் என்ன எழுதினார் என்று ஒலுவில் மீனவர் ஒருவர் ஒரு பதிவேட்டில் பார்த்து, ஒரு விசாரணைக் குழுவிடம் முறையிட வழியிருந்தால், அடுத்த துறைமுகத்துக்குக் கையெழுத்திடுகிறவர் இரண்டு தடவை யோசிப்பார். மருத்துவருக்கு எதிராக முறையிட ஓர் இடம் இருக்கிறதென்று நோயாளிக்குத் தெரியும். பொறியியலாளருக்கு எதிராக அப்படியோர் இடம் இருக்கிறதென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் ஊர்களுக்குப் பதிவுத் தரத்தின் விலை முதலில் விளங்கியது கொழும்பிலில்லை, வளைகுடாவில். சவூதியில் 2002 இல் பொறியியலாளர் பேரவை உருவானது. அங்கே அதன் அங்கீகாரம் இல்லாமல் பொறியியலாளர் என்ற பதவியில் வேலை செய்ய முடியாது. பொறியியலாளர், அசோசியேட், புரொஃபெஷனல், கன்சல்டன்ட் என்று அங்கே ஏறுவரிசை. கவனியுங்கள், அங்கே அசோசியேட் என்பது அனுபவத்தால் ஒரு படி ஏறியவர். இங்கே அசோசியேட் என்பது பட்டம் முடித்துவிட்டு இன்னும் பட்டயத்துக்குக் காத்திருப்பவர். கட்டாரில் 2005 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், அதன்கீழ் பரீட்சை. விசிட்டிங் கார்டில் சைட் எஞ்சினியர் என்றிருக்கும், இக்காமா என்ற வதிவிட அட்டையில் டெக்னீஷியன் என்றிருக்கும். இக்காமாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மனைவி பிள்ளைகளுக்கு விசா கிடைப்பதும் கிடைக்காததும். பெயர் எவ்வளவு முக்கியம் என்று தம்மாமில் பத்து வருடம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவரைக் கேட்க வேண்டும்.

2018 இல் குவைத்தில் நடந்தது இன்னும் கடுமை. பொறியியலாளராக விசா புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியியலாளர் சங்கத்தின் சம்மதம் வேண்டும் என்று விதி வந்தது. இந்தியர்களுக்கு அவர்கள் படித்த கல்லூரியின் பாடநெறி இந்தியாவின் தேசியத் தர அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நல்ல கல்லூரிகளில் படித்து, பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் ஒரு சுற்றறிக்கையில் பொறியியலாளர் என்ற பெயரை இழக்கும் நிலைக்கு வந்தனர். இந்தியாவில் பொறியியலாளரைத் தேசிய அளவில் பதியும் சட்டம் இல்லை என்பதும் அவர்களுக்குப் பாதகமாயிற்று. தனிமனிதரின் திறமையைக் காட்ட ஒரு தேசியப் பதிவேடு இல்லாதபோது கல்லூரியின் முத்திரையைத்தான் கேட்பார்கள். இலங்கையில் சட்டம் இருக்கிறது என்பது இந்த இடத்தில் பெரிய ஆறுதல். அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் சம்மாந்துறை டிப்ளோமாதாரி ஒருவர் தோஹாவில் தன் படியை நிரூபிக்கலாம்.

கனடாவில் குடியேறிய நம்மவர்களுக்கும் இதே கதை வேறு உருவில் நடந்தது. ஒன்ராரியோவில் பொறியியலாளர் என்ற சொல்லே சட்டத்தால் காக்கப்பட்டது. அங்கே உரிமம் பெறக் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. இங்கே அணைக்கட்டும் மின்நிலையமும் பார்த்தவர் அங்கே பாதுகாப்பு உத்தியோகம் பார்த்தார். 2023 மே மாதம் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். எடுத்தபின் தரம் இறங்கிவிட்டதென்று அங்கே யாரும் கட்டடத்தை விட்டு ஓடவில்லை. 'எங்கே' வேலை செய்தார் என்பதை விட்டு 'என்ன' செய்தார் என்று கேட்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

நமக்கு உதவக்கூடிய மாதிரி மலேசியாவில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே 1967 இலேயே பொறியியலாளர் பதிவுச் சட்டம். 2015 இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. புரொஃபெஷனல் பொறியியலாளர் என்ற தகுதியையும், வரைபடத்துக்குக் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்கும் உரிமையையும் பிரித்தார்கள். தகுதி உள்ள எல்லாருக்கும் பெயர் உண்டு. கையெழுத்து உரிமை, தொழில் நடத்துவதற்கான சான்று பெற்றவருக்கு மட்டும். அதே வருடம் தொழில்நுட்பவியலாளருக்கும் டெக்னீஷியனுக்கும் தனிச் சட்டம், தனி வாரியம், பெயருக்கு முன் போடத் தனி அடைமொழி. பெயரால் வரும் கௌரவம் ஒரு கணக்கு, கையெழுத்தால் வரும் பொறுப்பு இன்னொரு கணக்கு என்று பிரித்ததே அதன் சாமர்த்தியம்.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பாடம் இரத்தத்தில் வந்தது. 2014 யூன் 28 இல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர், பெரும்பாலும் கூலித் தொழிலாளர். 2019 இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவுபெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர் என்று வேலைவாரியாகப் பிரித்துப் பொறுப்புச் சொன்னன. நடைமுறையில் ஓட்டை இல்லாமலில்லை. கையெழுத்தை வாடகைக்கு விடும் பொறியாளர் அங்கும் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கட்டமைப்புக்குக் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்க ஒரு பெயராவது காகிதத்தில் இருக்கிறது.

இலங்கைக்குத் திரும்பினால், ஆறு பெயரை மூன்றாக்கலாம் என்பது என் முதல் யோசனை. பொறியியலாளர், தொழில்நுட்பவியலாளர், டெக்னீஷியன். மூன்றும் மூன்று சர்வதேச உடன்பாட்டுக்கும் நேராக நிற்கும். பட்டம் முடித்துக் காத்திருப்பவரைத் தனித் தரமாக வைக்காமல் அந்தப் படியின் பயிலுநர் என்று குறித்தால் போதும். இதில் சண்டை வரும். இன்கோப்பரேட்டட் பொறியியலாளர்களின் பெயரில் உள்ள 'பொறியியலாளர்' என்ற சொல்லை எடுப்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை, பல வருடப் போராட்டத்தில் வென்ற சொல் அது. அதனால் இருக்கிறவர்களின் பெயரைத் தொடாமல், புதிதாக வருகிறவர்களுக்கு மாத்திரம் புது ஒழுங்கு என்று வைப்பதே புத்தி. பெயரைப் பறிக்கும் சீர்திருத்தம் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

பெயரைவிட எனக்கு அக்கறை கையெழுத்தில். எச்.என்.டி.ஈ. முடித்துப் பத்து வருடம் களத்தில் நின்ற ஒருவருக்கு, இரண்டு மாடி வீட்டின் கட்டமைப்புப் பற்றி ஒரு சிறு பரீட்சை வைத்து, அந்த அளவு வரை கையெழுத்திடும் உரிமம் கொடுத்தால் என்ன? பட்டயப் பொறியியலாளர் சிலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தரம் கெடும் என்பார்கள். தரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று மேலே சொன்ன மேசனின் சுத்தியலைக் காட்டினால் போதும். பட்டயக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து ஏழு பேர்ச் வளவில் ஒரு மாடிக்குக் கணக்குப் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் அந்த வாப்பாவால் அவருடைய கட்டணத்தைக் கொடுக்க முடியாது. ஊரில் இருக்கும் டிப்ளோமாதாரியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, எல்லை கீறி, தப்புச் செய்தால் உரிமத்தைப் பறிக்கலாம். வெளியே விட்டால் எதையும் பறிக்க முடியாது. மாடி மூன்றானால், பொதுக் கட்டடமானால், மண் சந்தேகமானால், அங்கே மேல்படிக்காரர் கட்டாயம்.

அடுத்தது, ஏணி. பட்டயம் பெற மேற்பார்வையில் பெற்ற அனுபவமும் தொழில்சார் நேர்முகமும் வேண்டும். அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்தில் பட்டயக்காரர் குறைவு, கற்றுக்கொடுத்துக் கையெழுத்திட நேரமுள்ளவர் அதைவிடக் குறைவு. ஒலுவில் பீடத்தில் இப்போது பெண்பிள்ளைகள் கணிசமாகப் படிக்கிறார்கள். பட்டம் முடித்து ஊரில் கலியாணம் முடித்தவர், கொழும்பில் மூன்று நாலு வருடம் தனியாகத் தங்கிப் பயிற்சி பெற முடியாமல் அசோசியேட் படியிலேயே நின்றுவிடக் காரணம் அவர் திறமையின்மை அல்ல. மாகாண வீதி அபிவிருத்தி, நீர்ப்பாசனத் திணைக்களம், நீர் வழங்கல் சபை ஆகியவற்றின் பிராந்தியக் கந்தோர்களில் பேரவையே மேற்பார்வையாளர்களை நியமித்து, நேர்முகத்தை ஒலுவிலில், தமிழிலும் எழுதிப் பேச இடம்விட்டு நடத்தினால், படிகள் நிரம்பும். கொங்கிறீட்டுக்கு மொழி கிடையாது. நேர்முகத்துக்கு மாத்திரம் ஏன் ஆங்கிலம்தான் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. சர்வதேசப் பதிவுக்கு ஆங்கிலம் தேவை என்பவர் அந்தப் பதிவுக்கு அதை வைத்துக்கொள்ளட்டும்.

செலவு பற்றிய பயம் வீட்டுக்காரருக்கு உண்டு. இன்னொரு சேருக்கும் காசா என்பார். அது நியாயமான முணுமுணுப்பு. 2022 நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் விற்ற விலையில், பாதி கட்டிய தூண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை இந்தக் கரை முழுக்கக் கண்டோம். அதே நெருக்கடியில் இளம் பொறியியலாளர் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். இருப்பவரை எல்லாம் ஏதோ ஒரு படியில் பயன்படுத்தாமல், மேல்படிக்காரர் மட்டுமே கையெழுத்திடலாம் என்றால் செலவு கூடும், பின்கதவும் திறக்கும். ஆகவே கட்டணத்தை வீட்டின் பரப்பளவோடு கட்டி, சிறுவீட்டுக்கு ஒரு உச்சவரம்பு வைப்பது நல்லது.

இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகளில் தகைமையுள்ள நபர் என்ற கருத்து ஏற்கனவே இருக்கிறது. 2011 இல் மாநகர சபையான அக்கரைப்பற்றும் அதன் அயல் பிரதேச சபைகளும் மேல்மாடி விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்தால் போதும். பழைய அத்திவாரத்தையும் தூணையும் நேரில் பார்த்தவரின் பெயர், பேரவைப் பதிவிலக்கம், பார்த்த திகதி, எந்த இடத்தில் கொங்கிறீட்டை உடைத்துக் கம்பியைப் பார்த்தார் என்ற குறிப்பு. அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று சபையில், ஒன்று வீட்டுக்காரரிடம், இன்னொன்று பேரவைக்கு. கீழ்வீட்டுக்கு மேல் இன்னொரு மகளின் வீடு எழும்பும்போது அடுத்தவர் அதை எடுத்துப் பார்க்கலாம்.